பழைய வெந்நீர்த் தொட்டியை அகற்றுதல்: ஒரு விசாரணை

அமெரிக்க தேசத்தில், விசேஷமாகக் கலிபோர்னியா மாகாணத்தில், வீட்டின் பின்புறத்து முற்றத்திலோ மரத்தளத்திலோ நாலைந்து பேர் கூடி அமர்ந்து உடல் நோவு தீர ஊறுவதற்கென்று வைத்துக்கொள்ளும் வெந்நீர்த் தொட்டியைப் பற்றி, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்த மூலையில் அமைப்பது, எத்தனை பீச்சுக்குழாய் இருந்தால் முதுகுக்கு இதமாக இருக்கும் என்பன போன்ற விஷயங்களில் எழுதப்பட்டிருப்பது ஏராளம். ஆனால் பதினைந்து இருபது வருஷம் உழைத்து ஓய்ந்த பிறகு அதே தொட்டியை அந்த இடத்திலிருந்து எவ்விதம் பெயர்ப்பது, பெயர்த்ததை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற கேள்வி, பம்பு நின்றுபோன ஏதோ ஒரு காலைப்பொழுதில் வீட்டுக்காரரின் முன் திடீரென்று வந்து நிற்கிறது. அப்போது அவருக்குத் துணையாக ஒருவரும் இருப்பதில்லை. காலியாக இருக்கும்போதே முந்நூறு நானூறு கிலோ எடையுள்ளதும், பக்கத்துக்கு இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்டதுமான ஒரு பொருளைப் பற்றிய இந்தக் கேள்வியைச் சில்லறைக் காரியம் என்று ஒதுக்குபவர்கள் பலர். நான் அப்படி எண்ணவில்லை. மின்சாரமும் ரசாயனமும் நகரசபை விதியும் சரீர உழைப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் விஷயம் இது.

இதில் என் சிந்தை சென்றதற்குக் காரணம், என் தமக்கை மகன் சாக்ரமெண்டோ நகரத்துக்கு அருகில் வாங்கிய வீடு. விற்றவர்கள் தோட்டத்தோடு தோட்டமாக ஒரு தொட்டியையும் விட்டுப் போயிருந்தார்கள். அதைச் சுற்றி நெருக்கமாக மரத்தளம் அடைத்திருந்தது. மேல்மூடி பல வருஷத்து மழையை உறிஞ்சி இரண்டு ஆள் பிடித்துத் தூக்கவேண்டிய கனத்தை அடைந்திருந்தது. உள்ளே முழங்காலளவு கறுத்த நீர். நான் அங்கே தங்கியிருந்த மாதங்களில் அந்தத் தொட்டி அப்புறப்பட்டது. அதன் பொருட்டு நாங்கள் விசாரித்து அறிந்தவையும், கண்ணால் கண்டவையும், பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டவையும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை.

ஒரு பொருளை எப்படிப் பிரிப்பது என்பது அதைக் கட்டிய நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். வெந்நீர்த் தொட்டியின் சரித்திரம் இதற்கு நல்ல சாட்சி. இத்தாலியின் வடகிழக்கே ஃப்ரியூலி பிரதேசத்திலிருந்து குடியேறிய ஜக்கூஸி சகோதரர் எழுவர், 1915-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் ஆகாய விமானங்களுக்கு மரத்தாலான சுழல்விசிறி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு விமானமே கட்டினார்கள். 1921-இல் அவர்களுடைய விமானம் ஒன்று விழுந்து, சகோதரரில் ஒருவர் உட்பட நால்வர் மாண்டார்கள். அந்தத் துக்கத்துக்குப் பின் குடும்பம் ஆகாயத்தை விட்டு, பூமிக்கடியிலிருந்து நீர் இறைக்கும் பம்புகளுக்குத் திரும்பியது. சகோதரரில் இளையவரான காண்டிடோவின் மகன் கென்னத் குழந்தைப் பருவத்திலேயே கீல்வாதத்தால் துன்புற்றான். ஆஸ்பத்திரியில் கிடைத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலும் அவனுக்கு அளிக்கவேண்டும் என்ற தந்தையின் தவிப்பிலிருந்து, சாதாரணக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கக்கூடிய சிறிய பம்பு ஒன்று பிறந்து, 1956-இல் விற்பனைக்கு வந்தது. அந்தப் பம்பு பழுதாகிவிட்டால் கையால் தூக்கி வெளியே வைத்துவிடலாம். அகற்றுதல் என்ற பிரச்சினையே அதற்கு இல்லை. 1968-இல் அதே குடும்பத்து ராய் ஜக்கூஸி, பீச்சுக்குழாய்களைத் தொட்டியின் சுவரிலேயே பதித்து ஒரே சாதனமாக்கினார். அன்றைக்குப் பம்பும் தொட்டியும் பிரிக்கமுடியாதபடி கலந்தன.

இதற்கு இணையாக வேறொரு மரபும் அந்த மாகாணத்தில் ஓடியது. 1960-களில் சாண்டா பார்பரா பக்கத்தில், திராட்சை மது தயாரிக்கும் பெரிய மரத்தொட்டிகளை வாங்கி வந்து, வெந்நீர் நிரப்பி, நண்பர்கள் கூடி அமரும் பழக்கம் தோன்றி, அடுத்த பத்தாண்டில் எங்கும் பரவியது. அவற்றில் பல ரெட்வுட் மரத்தாலானவை. இந்தத் தொட்டிகளின் அமைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தச்சர்களிடம் மதிப்புப் பெருகுகிறது. ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றோடொன்று பொருந்தும்படி இழைத்த பலகைகளை வட்டமாக நிறுத்தி, அடிப்பலகையைக் காடியில் செருகி, சுற்றிலும் இரும்பு வளையங்களை முடுக்கிவிடுவார்கள். நீர் ஊற்றியதும் மரம் பருத்து இடுக்குகள் தாமே அடைந்துகொள்ளும். அதன் ஆயுள் முடிந்தால் வளையத்தின் திருகைத் தளர்த்த வேண்டியதுதான். தொட்டி பூ விரிவதுபோல் பலகை பலகையாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு பலகையையும் ஒரே ஆள் தோளில் சுமந்து பக்கவாட்டு வழியாக வெளியே கொண்டுபோகலாம். அழுகாத பலகை இன்னொரு காரியத்துக்கு ஆகும். மரத்தில் பாசியும் கிருமியும் தங்கும் என்ற குறை அந்தத் தொட்டிகளுக்கு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் சுத்தத்தையும் சூட்டையும் தேடிப் போனவர்கள், பிரிக்கக்கூடிய தன்மை என்ற அரிய குணத்தைப் பின்னால் விட்டுவிட்டார்கள்.

பின்னால் வந்த தொட்டி எப்படிப்பட்டது? அக்ரிலிக் தகட்டைச் சூடேற்றி அச்சின்மேல் படியவைத்து, அதன் முதுகில் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்த்துத் தெளித்து இறுக்கி, ஐம்பது அறுபது துளைகளில் பி.வி.சி. குழாய்களை ஒட்டி, அந்தக் குழாய்க் காட்டின்மேல் சூடு வெளியேறாதபடி பாலியூரிதேன் நுரையைப் பொங்கவிட்டு, மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, பம்பும் ஹீட்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வைத்துப் பலகையால் மூடுகிறார்கள். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதற்கு இதில் வழியே வைக்கப்படவில்லை. மேலும் பழைய தொட்டிகளின் நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயு, ஓசோன் மண்டலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரீல் நகரத்தில் உருவான உடன்படிக்கை விலக்கிய இனத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்; அதற்குப் பதிலாக வந்த மிதமான வாயுவின் உற்பத்தியும் அமெரிக்காவில் 2003-இல் நிறுத்தப்பட்டது. சட்டத்து மரத்தில் பச்சைச் சாயல் தெரிந்தால் அது தாமிரமும் குரோமியமும் ஆர்ஸெனிக் என்னும் பாஷாணமும் ஏற்றிய மரமாக இருக்கக்கூடும்; வீட்டு உபயோகத்துக்கு அத்தகைய மரத்தைத் தயாரிப்பதை உற்பத்தியாளர்கள் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு விட்டார்கள். ஆகையால் தோட்டத்து மூலையில் குவித்துத் தீ வைத்துவிடலாம் என்ற யோசனை யாருக்கும் வரவேண்டாம். பி.வி.சி. எரிந்தால் அமில வாயுவும், நுரை எரிந்தால் ஸயனைட் இனத்து நச்சுப்புகையும் கிளம்பும். மரம் எரிந்த சாம்பலில் பாஷாணம் அப்படியே தங்கும்.

அப்படியானால் தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பதில் 2007-ஆம் ஆண்டில் அதே கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பிரதேசத்தில் கிடைத்தது. வீட்டுக் கடன் கட்டமுடியாமல் ஜனங்கள் வீடுகளைக் கைவிட்டுப் போனபோது, கவனிப்பாரின்றிப் பச்சையாகிப்போன நீச்சல் குளங்களும் வெந்நீர்த் தொட்டிகளும் கொசுக்களின் பிறப்பிடமாயின. அந்தக் கோடையில் வெஸ்ட் நைல் காய்ச்சல் அங்கே பன்மடங்கு பெருகியதை ஆராய்ந்தவர்கள், அதை இந்தக் கைவிடப்பட்ட நீர்நிலைகளோடு இணைத்து எழுதினார்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் வளரும். அந்த நீர் திவலையாகத் தெறித்து மூச்சில் ஏறினால் கடுமையான நுரையீரல் ஜுரம் உண்டாகும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் என்ற ஊரில் நடந்த மலர்க்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டுக் காட்டிய ஒரு நீர்ச்சுழல் தொட்டியிலிருந்து பரவிய நோயால் 30-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தத் தொட்டிக்குள் இறங்கிக் குளிக்க வேண்டியிருக்கவில்லை என்பதை வீட்டுக்காரர்கள் மனத்தில் வைக்கவேண்டும்: அருகில் நின்று சுவாசித்ததே போதுமாக இருந்தது. இவை தவிர, உளுத்த மூடியின்மேல் ஏறி விளையாடும் குழந்தைகளுக்கு உண்டான அபாயத்தை நான் விவரிக்கத் தேவையில்லை.

அகற்றும் வேலையில் முதலாவது மின்சாரம். அந்நாட்டு வீடுகளில் சாதாரணமாகப் புழங்குவது 120 வோல்ட். பெரிய தொட்டிக்கோ 240 வோல்ட்டில் 50 ஆம்பியர் வரை தாங்கும் தனிக் கம்பி இழுத்திருப்பார்கள். தொட்டியின் பார்வைக்குட்பட்ட தூரத்தில், ஆனால் நீரிலிருந்து 5 அடிக்குக் குறையாமல், ஒரு துண்டிப்புச் சுவிட்சு இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. அந்தச் சுவிட்சை அணைத்ததோடு திருப்தியடையாமல், வீட்டின் பிரதானப் பெட்டியில் உள்ள பிரேக்கரையும் அணைத்து, பிறர் அறியாமல் போட்டுவிடாதபடி பூட்டி, சோதனைக் கருவியால் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்த பிறகே கம்பியைக் கழற்றவேண்டும். வேலை முழுவதையும் தாமே செய்யத் துணிந்தவர்கள்கூட இந்த ஒரு பகுதிக்கு உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைத்துக்கொள்வது நலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கனம் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன.

இரண்டாவது நீர். ஆயிரத்தைந்நூறு லிட்டர் நீர் என்றால் ஒன்றரை டன் பாரம். அதை வடித்தாலொழியத் தொட்டியை அசைக்கமுடியாது. ஆனால் எங்கே வடிப்பது? தெருவோரத்து மழைநீர் வடிகாலில் விட்டுவிடலாம் என்று பலர் கருதுகிறார்கள். அது பெரும்பாலான ஊர்களில் யாதொரு சுத்திகரிப்பும் இன்றி நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேருவது என்பதை அவர்கள் அறியார்கள். வெந்நீர்த் தொட்டியில் குளோரின் பத்து லட்சத்துக்கு மூன்று பங்காவது இருக்கவேண்டும் என்பது சுகாதார அதிகாரிகளின் பரிந்துரை; நன்னீரில் வாழும் ஜீவராசிகளுக்கோ, லிட்டருக்கு 19 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கெடுதி என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா வரம்பு கட்டியிருக்கிறது. கணக்குப் போட்டால் ஒன்று மற்றொன்றைப்போல் நூற்றைம்பது மடங்குக்கும் அதிகம். ஆகவே மருந்து போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் வெயில் படவிட்டு, சோதனைக் காகிதத்தில் குளோரின் அறவே இல்லை என்று தெரிந்த பிறகு, புல்தரைக்கு மெதுவாகப் பாயவிடலாம்; அல்லது நகரசபையின் அனுமதியுடன் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கலாம். உப்பு நீரில் இயங்கிய தொட்டியானால் புல்தரைக்கு விடலாகாது, மண் கெட்டுப்போகும். எங்கள் தொட்டியில் இருந்ததுபோல் பல வருஷம் தேங்கிய நீரானால் ஓர் அடி பின்னே போய், முதலில் குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்று, பிறகு அந்தக் குளோரின் தணியக் காத்திருக்கவேண்டும். இந்தக் காத்திருப்புக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தில் அவசரப்படாமல் இருந்தது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவதாக வருவது ரம்பம். முழுத் தொட்டியாகவே வெளியேற்ற இடமிருந்தால் அதைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சக்கரப் பலகையில் ஏற்றி நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு போகலாம். பளுதூக்கி வைத்துக் கூரைக்கு மேலாகத் தூக்குவதும் அங்கே நடப்பதுதான். எங்கள் தொட்டியோ மரத்தளத்தின் நடுவில் புதைந்து கிடந்தது. தளமும் வேலியும் அதற்குப் பிற்பாடு எழுந்தவை. ஆகையால் வெட்டுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை. முதலில் வேலையாட்கள் பக்கப் பலகைகளைத் திருகு கழற்றி எடுத்தார்கள். பம்பு இரண்டையும் ஹீட்டரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் தனியே வைத்தார்கள். வடித்தாயிற்று என்று நாங்கள் நினைத்திருந்த தொட்டியின் குழாய்களிலிருந்து, அறுக்க அறுக்க வாளி வாளியாக நீர் வந்தது. எங்கோ ஒரு குழாய் வருஷக்கணக்காகக் கசிந்து, நுரை முழுவதும் பஞ்சுபோல் நீரைக் குடித்திருந்தது. கையளவு நுரையைப் பிடுங்கினால் அது ஈரத் துணியின் கனம் கனத்தது. பிறகு, முன்னும் பின்னும் ஓடும் மின்சார ரம்பத்தால் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அறுத்தார்கள். கண்ணாடி இழை ரம்பப் பல்லை எவ்வளவு சீக்கிரம் மழுக்கிவிடுகிறது என்பதைப் பார்த்தவர்களே நம்புவார்கள். அன்று மாலைக்குள் ஆறு அலகுகள் போயின. பிசின் சூடேறிய வாசனை தலையைச் சுற்றவைத்தது. அறுப்பில் எழும் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசி. முகத்தை இறுகப் பொதியும் சுவாசக் கவசமும், கண்ணாடியும், கையுறையும், முழுக்கைச் சட்டையும் இன்றி ஒருவரும் அருகில் நிற்கலாகாது. வேலையாள் ஒருவர் உஷ்ணம் தாளாமல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். இரவு முழுவதும் அவர் கை தினவெடுத்து எரிந்ததாக மறுநாள் சொன்னபோது, தடுக்காமல் இருந்ததற்காக நான் மிகவும் வருந்தினேன். அறுக்கும் இடத்தில் நீர் தெளித்துக்கொண்டே இருந்தால் தூசி அடங்குகிறது. கீழே விரித்த தார்ப்பாயை அப்படியே சுருட்டி எடுத்தால்தான் தோட்டத்து மண்ணில் இழை தங்காது.

இவ்வளவு பாடுபட மனமில்லாதவர்களுக்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பழைய சாமான் அகற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சில நூறு டாலர் கூலிக்கு வந்து ஒரே பகலில் முடித்துப் போகிறார்கள். புதுத் தொட்டி வாங்குகிறவரிடமிருந்து பழையதை ஒரு கட்டணத்தின் பேரில் எடுத்துச் செல்லும் வியாபாரிகளும் உண்டு. அமர்த்தும்போது, எடுத்துப் போவதை எங்கே சேர்க்கிறார்கள் என்று கேட்டு, எடைச் சீட்டைக் காட்டச் சொல்வது அவசியம். காட்டு வழியோரங்களில் இரவோடிரவாகத் தள்ளிவிடப்படும் தொட்டிகளுக்குக் குறைவில்லை. இலவசமாக எடுத்துச் செல்லலாம் என்று விளம்பரம் செய்து கொடுத்துவிடுவது மற்றொரு வழி. ஓடுகிற தொட்டியானால் இது சிறந்த வழி என்றே சொல்வேன்; ஓடாத தொட்டியை இப்படிக் கொடுப்பது, நம் பாரத்தை நம்மைவிட வசதி குறைந்த ஒருவர் தலையில் ஏற்றுவதாகும். கொடுக்கும் முன்பு அடியில் உள்ள உறிஞ்சுவாயின் மூடியையும் கட்டாயம் பரிசோதிக்கவேண்டும். 2002-இல் விர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி அத்தகைய உறிஞ்சுவாயின் இழுப்பில் சிக்கி உயிரிழந்தாள். அவள் பெயராலேயே 2007-இல் இயற்றப்பட்ட சட்டம், இனி விற்கப்படும் மூடிகள் உடலை இழுத்துப் பிடிக்காத அமைப்புடையவையாக இருக்கவேண்டும் என்று விதித்தது. அதற்கு முற்பட்ட தட்டை மூடியோடு ஒரு தொட்டியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதை எந்த நன்றியுரையாலும் நியாயப்படுத்தமுடியாது.

வெட்டிய துண்டுகள் எங்கே போகின்றன? பம்பு மோட்டாரின் தாமிரச் சுற்றுக்கும் உலோகப் பாகங்களுக்கும் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. மின்னணுப் பலகையை அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில் கொடுக்கலாம். மற்றதெல்லாம் குப்பைப் புதைகுழிக்கே. அக்ரிலிக் தனியாக இருந்தால் உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய வஸ்து. ஆனால் அதன் முதுகில் ஒட்டிய பாலியெஸ்டர் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், எந்தச் சூட்டிலும் திரும்ப இளகாது. இரண்டும் ஓருடலாகிவிட்டபடியால் இரண்டுக்கும் ஒரே கதி. இதே கண்ணாடி இழையாலான படகுகளின் விஷயத்தில் பிரான்ஸ் தேசம் ஒரு பரிகாரம் கண்டிருக்கிறது: உல்லாசப் படகு தயாரிப்பவர்களே நிதி செலுத்தி, ஆயுள் முடிந்த படகுகளை உரியவரிடமிருந்து பெற்றுப் பிரித்து அழிக்கும் ஏற்பாடு 2019 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாகாணத்தில் பழைய படகுகளை நொறுக்கிச் சிமெண்ட் சூளைக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பிசின் எரிபொருளாகவும் கண்ணாடி மணலுக்கு ஈடாகவும் சூளையில் பயன்படுகின்றன. வெந்நீர்த் தொட்டியின் ஓடும் அதே பொருள்தான். படகுக்கு முடிந்தது தொட்டிக்கு முடியாதென்பதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

ஒரு பொருளின் இறுதிச் செலவுக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்கும் இந்தக் கொள்கை கலிபோர்னியாவுக்கு அந்நியமானதும் அன்று. தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறவர் அதன் கடைசிக் காலத்துச் செலவுக்காக ஒரு சிறு தொகையை வாங்கும்போதே செலுத்தும் முறை அங்கே 2005 முதல் இருக்கிறது. மெத்தைக்கும் அவ்விதமே என்று 2013-இல் சட்டம் செய்தார்கள். இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவர் ரம்பமும் கையுமாக நிற்கவேண்டியிருக்கும் என்று திண்ணமாகத் தெரிந்த ஒரு பொருளுக்கு, பல ஆயிரம் டாலர் விலையோடு அப்படியொரு தொகையைச் சேர்ப்பது வாங்குகிறவரை வருத்தாது. அந்த நிதி இருந்தால் தயாரிப்பவர்களும், நுரையைக் கட்டி கட்டியாக எடுக்கவும் ஓட்டைத் தனியே உரிக்கவும் இசைந்த அமைப்பைத் தேட முற்படுவார்கள். வீட்டை வாங்கிய குற்றத்துக்காகப் பின்வந்தவர் எல்லாச் சுமையையும் ஏற்பது இப்போதைய வழக்கம். என் தமக்கை மகன் ஒருநாள்கூட அந்த நீரில் கால் நனைத்தவனல்லன்.

எங்கள் தொட்டி இரண்டு நடையாகப் போயிற்று. குப்பை மாற்றுநிலையத்து எடைமேடையில் வண்டியைப் பாரத்தோடும் பாரமின்றியும் நிறுத்தி, வித்தியாசத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். நுரை குடித்திருந்த நீருக்கும் சேர்த்துத்தான். மின் பணியாளர் கம்பியைப் பிரதானப் பெட்டி வரை இழுத்து எடுத்து, பிரேக்கரைக் கழற்றி, அந்த இடத்தில் வெற்றுத் தகடு பொருத்தினார். அடியில் இருந்த சிமெண்ட் மேடை விரிசலின்றி நன்றாக இருந்ததால் அதை உடைக்கவில்லை. மரத்தளத்தின் நடுவே இரண்டு மீட்டர்ச் சதுரத்துக்குப் பள்ளம் தெரிந்தது. அதை மூடத் தச்சர் ரெட்வுட் பலகை கொண்டுவந்தார். ஆணி அடிக்கவேண்டாம், திருகாணியே போடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். அதற்கு இன்னும் அரைநாள் ஆகும் என்றார். ஆகட்டும் என்றோம்.